நம்மாள் லோடு

மழை பிடித்துக்கொண்டால் யார்டில் தூசி அடங்கும், சேறு கிளம்பும். தூசிக்கு முகமூடி போட்டுக்கொள்ளலாம், சேற்றுக்கு என்ன போடுவது என்று பெல்ட்டில் நிற்கும் பெண்கள் அலுத்துக்கொள்வார்கள். கூபா ஆற்றுக்கு இந்தப் பக்கம், மூடிப்போன செங்கல் சூளையின் நிலத்தில் அந்த யார்டைப் போட்டு மூன்று வருடமாகப் போகிறது. கிறிஸ்துமஸ் முடிந்த நாலாம் நாள் பூமி குலுங்கியதில் விழுந்த வீடுகளும், விழாமல் வெடித்து நிற்கும் வீடுகளும் லாரியேறி இங்கேதான் வந்து சேர்கின்றன. கொட்டியதை கிரஷர் கடித்து நொறுக்கும். காந்தம் கம்பியை இழுத்துக்கொள்ளும். மிச்சம் பெல்ட்டில் ஊர்ந்து வரும். இருபுறமும் நிற்கும் ஆறு பெண்கள் மரச்சில்லு, ஒயர், துணி, பிளாஸ்டிக் என்று கல் அல்லாத எல்லாவற்றையும் பொறுக்கித் தொட்டியில் போடுவார்கள். கடைசியில் சுத்தமான ஜல்லி விழும். அது ரோட்டுக்கு அடியில் போகும், புது வீடுகளின் அஸ்திவாரத்துக்கு அடியில் போகும்.

ரூஷா இடது வரிசையில் இரண்டாவது ஆள். வயது ஐம்பத்தாறு. கான்கிரீட்டும் சாம்பல் நிறம், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் சாம்பல் நிறம். ஓடுகிற பெல்ட்டில் அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவள் என்று அவளுக்குப் பெயர். விரல் நகமளவு ஷீட்டுத் துண்டு கண்ணில் பட்டாலும் தலைக்கு மேல் ஓடும் சிவப்புக் கயிற்றை இழுத்து எந்திரத்தை நிறுத்த வேண்டும். குவியல் மொத்தத்தையும் நனைத்துத் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். அப்புறம் வெள்ளை உடுப்புக்காரர்கள் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். அந்தத் தூசு நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு இருபது முப்பது வருடம் கழித்து வேலையைக் காட்டும் என்று, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே படம் போட்டு விளக்கியிருந்தார்கள்.

யார்டில் வேலை செய்கிறவர்களின் வீடுகளும் விழுந்தவைதான். அப்படி ஒருவர் வீடு வரும்போது அதற்கு 'நம்மாள் லோடு' என்று பெயர். அதை மற்ற லோடோடு கலப்பதில்லை. வார வேலை முடிந்த பிறகு எல்லோரும் சம்பளமில்லாமல் வந்து நிற்பார்கள். எந்திரத்தை மெதுவாக ஓட்டுவார்கள். ஸ்பூன், கதவுப் பிடி, பிள்ளைகளின் பொம்மைக்கால் என்று எது கிடைத்தாலும் துடைத்துக் கடைசியில் போட்டிருக்கும் மேசைமேல் வைப்பார்கள். வீட்டுக்குரியவர் மட்டும் பெல்ட்டைத் தொடக்கூடாது. மேசையருகே நின்று, வருவதை வாங்கிக்கொள்ள வேண்டும். அவர் இடத்தில் வேறொருவர் நின்று பொறுக்குவார். யார் ஆரம்பித்ததென்று தெரியாது. யாரும் மீறியதில்லை.

வியாழக்கிழமை ரூஷாவின் வீட்டை இடிக்க நாள் குறித்தாகிவிட்டது.

"அப்ப சனிக்கிழமை மத்தியானமா?" என்று யாகா கேட்டாள். செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டு நேரம். யாகா எதிர்வரிசை. ரூஷாவைவிட நாலு வயது மூத்தவள், புருஷனை இழந்தவள். "நான் ஆப்பிள் வெச்சு ஸ்ட்ருடல் சுடறேன். ஸ்மிலியா, நீ என்னடி கொண்டாரே?"

"நான் வாயைக் கொண்டாரேன்க்கா," என்றாள் ஸ்மிலியா. "தின்ன ஒரு ஆள் வேணுமில்ல."

"அது எப்பவும் கூடவேதான் வருது. சொல்லு ரூஷா, சனிக்கிழமைதானே?"

ரூஷா ரொட்டியைப் பிட்டு பன்றிக்கொழுப்பைத் தடவிக்கொண்டே இருந்தாள். "பார்க்கலாம்க்கா. மாமனாருக்கு உடம்பு சுகமில்ல. கூட்டமெல்லாம் எதுக்குன்னு வின்கோ சொல்றான்."

"கூட்டமா? நாங்க கூட்டமா?" யாகா கையிலிருந்த மிளகாயைக் கீழே வைத்தாள். "என் வீடு வந்தப்ப ரெண்டு மணி நேரம் என் இடத்துல நின்னவ நீ. இப்ப நான் கூட்டமாயிட்டேன்."

"அக்கா, அப்படி இல்ல..."

"விடுக்கா," என்றாள் ஸ்மிலியா. "தங்கக்காசு புதைச்சு வெச்சிருப்பா. நமக்குப் பங்கு தர மனசில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். ரூஷாவும் சிரித்துவைத்தாள்.

புதைத்துத்தான் வைத்திருந்தார்கள். எண்பத்தொன்பதில், கல்யாணமான மறுவருடம், ஆலங்கட்டி மழையில் பன்றிக்கொட்டகையின் கூரை பூராவும் நொறுங்கியது. அதே கோடையில்தான் வீட்டுக்குத் தளம் போட்டார்கள். சிமென்ட்டுக்குக் காலையில் ஒரு விலை, சாயங்காலம் ஒரு விலை என்றிருந்த காலம். கல் போதவில்லை, சிமென்ட் போதவில்லை. உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுகளை ரூஷா ஒரு முனையும் அவள் புருஷன் வின்கோ ஒரு முனையுமாகத் தூக்கிவந்து பரப்பி, அதன்மேல் கான்கிரீட்டை ஊற்றினார்கள். மூன்று அறைக்கும் அப்படித்தான். நல்ல யோசனை என்று கொத்தனாரே பாராட்டினார். தளம் முப்பது வருடம் ஒரு கீறல் விடாமல் கிடந்தது.

அன்று சாயங்காலம் கன்டெய்னரில் அவள் அவரைக்காய் விதை சூப்பைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தாள். அரசாங்கம் கொடுத்த தகரப்பெட்டி அது. ஆறு மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் அகலம். மூன்று பேர். ஒருவர் எழுந்தால் மற்றவர் உட்கார வேண்டும். மாமனார் தோமோ எழுவதே இல்லை, அவருக்கு இடுப்புக்குக் கீழே வலுவில்லை. அதனால் இருவர்தான் மாறி மாறி எழுந்தார்கள். மூன்று குளிர்காலம் அதற்குள் போயிருந்தது. சுவரில் வேர்த்துக் கொட்டும் தண்ணீரை ரூஷா தினமும் காலையில் துணியால் ஒற்றி எடுப்பாள்.

புது வீட்டுப் பட்டியலில் அவர்கள் பெயர் இந்த வருடம்தான் மேலே வந்திருந்தது. இடித்து, மனையைச் சுத்தமாக ஒப்படைத்தால் மூன்று வாரத்தில் அஸ்திவாரம் போடுவார்கள். சுவர்களைத் தொழிற்சாலையிலேயே செய்து கொண்டுவந்து நிறுத்துவார்கள். பனி விழுவதற்குள் குடியேறிவிடலாம். மனையில் ஏதாவது வில்லங்கம் என்றால் பட்டியலில் அடுத்த ஆள் மேலே வருவார்.

வின்கோ பூட்ஸை வெளியிலேயே கழற்றிவிட்டு வந்தான். யார்டில் பொக்லைன் ஓட்டுகிறவன் அவன்தான்.

"இன்ஜினியர்கிட்ட கேட்டுட்டேன்," என்றான். "ஞாயித்துக்கிழமை காலைல சாவி தரேன்னுட்டார். எல்லாரும் கோயில்ல இருப்பாங்க. நீயும் நானும் மட்டும். தண்ணியை நல்லா அடிச்சுவிட்டு ஓட்டிரலாம். பெல்ட்டுல ஆள் நிக்க வேண்டாம். அது பாட்டுக்கு ஓடட்டும்."

"ஓடி?"

"ஓடி, ஜல்லியாயிரும்."

"அந்த ஜல்லி எங்க போகும்?"

"நம்ம அஸ்திவாரத்துக்கே கேட்டு வாங்கிக்கறேன். கான்கிரீட்டுக்கு அடியில கெடக்கும். இத்தனை வருஷம் அப்படித்தானே கெடந்துச்சு? யாரைக் கடிச்சுது?"

"கெடந்தப்ப கடிக்கல. நொறுக்கினா?"

வின்கோ கரண்டியை எடுத்தான். "சொல்லு, வேற வழி இருந்தா சொல்லு. இன்னைக்கே போய் எழுதிக் கொடுத்துட்டு வரேன். வெள்ளைச்சட்டைக்காரன் வருவான், மனையைச் சுத்தி நாடா கட்டுவான், மண்ணைத் தோண்டிப் பரிசோதனைக்கு அனுப்புவான். ஒரு வருஷம். ரெண்டாகவும் ஆகலாம்." படுக்கையின் பக்கம் தாடையை அசைத்தான். "அதுவரைக்கும் இருப்பாரா?"

"காது நல்லாத்தான் கேக்குது எனக்கு," என்றார் தோமோ, கண்ணைத் திறக்காமலே. "என் சாவை நீ தேதி போட்டுப் பேசாதே. சூப்புல உப்பு இருக்கா, அதைச் சொல்லு."

"இருக்கு மாமா."

"அப்ப கொண்டா."

அவருக்கு ஊட்டிவிட்டு வாயைத் துடைத்தாள். ஷீட்டு விஷயம் அவருக்கு எவ்வளவு புரிந்ததென்று தெரியவில்லை. தட்டுகளைக் கழுவும்போது ரூஷா சொன்னாள்: "சரி. ஞாயித்துக்கிழமை." உடம்பில் தெம்பு இல்லை.

வியாழக்கிழமை லீவு கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். அவள் கேட்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய் வேலியோரம் நின்று பார்த்தாள். கூரையும் சுவரும் ஏற்கெனவே கீழே கிடந்தன. ஒப்பந்தக்காரனின் பொக்லைன் தளத்தைக் குத்திப் பெயர்த்துக்கொண்டிருந்தது. புரண்டு நின்ற பலகையின் வெட்டுவாயில் அந்த நெளிநெளியான சாம்பல் கோடு தெரிந்தது. பொக்லைன்காரன் காதில் பாட்டு மாட்டியிருந்தான். அவன் அதைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. லாரி ஒன்றன்பின் ஒன்றாக ஏழு நடை அடித்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது மழை விட்டிருந்தது. ஆற்றிலிருந்து எழுந்த மூடுபனி யார்டின் மேல் படிந்திருந்தது. வின்கோ ஜெனரேட்டரை ஓட்டிவிட்டு பொக்லைனில் ஏறினான். ரூஷா குழாயைப் பிடித்துக் குவியலை நனைத்தாள். முப்பது வருடம் அவள் துடைத்த தரை நாலாகவும் எட்டாகவும் கிடந்தது. படுக்கையறைச் சுவரின் பச்சை வண்ணம் ஒரு துண்டில் ஒட்டியிருந்தது. மூச்சு முகமூடிக்குள் சூடாக அடித்தது.

பொக்லைன் வாளியில் முதல் கொத்தை அள்ளி கிரஷரின் வாய்க்கு நேரே வின்கோ கொண்டுபோனபோது வாசல் பக்கம் ஹாரன் அடித்தது.

யாகாவின் பழைய வேன். அதிலிருந்து யாகா, ஸ்மிலியா, இன்னும் இரண்டு பேர் இறங்கினார்கள். கோயிலுக்குப் போகிற உடுப்புக்கு மேலேயே வேலைக் கோட்டை மாட்டியிருந்தார்கள். யாகாவின் கையில் துணி போர்த்திய தட்டு.

"கடவுளுக்கு ஒருநாள் நாங்க இல்லாம பொழுது போகும்," என்றாள் யாகா. "இன்ஜினியர் வாயைப் புடுங்கிட்டேன். ஞாயித்துக்கிழமை சாவி வாங்கிட்டுப் போனானாம் உன் புருஷன். எங்ககிட்ட மறைக்கற அளவுக்கு என்னடி ஆச்சு?"

"அக்கா, வீட்டுக்குப் போங்க."

"போறதுக்கா மாவு பெசைஞ்சேன்?" தட்டை மேசைமேல் வைத்தாள். கையுறையை மாட்டிக்கொண்டே பெல்ட்டின் ஏணியில் ஏறினாள். இடது வரிசை, இரண்டாவது இடம். ரூஷாவின் இடம். "நீ அங்க மேசைகிட்ட நில்லு. இன்னைக்கு நீ பெல்ட்டுப் பக்கம் வரக்கூடாது, தெரியுமில்ல?"

ஸ்மிலியா அவளுக்கு எதிரே ஏறினாள். முகமூடி கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. எப்போதும் அப்படித்தான், மூச்சு முட்டுகிறது என்பாள். "தங்கம் வந்தா முதல்ல எனக்குத்தான். வின்கோண்ணே, ஓட்டு!"

வின்கோ கூண்டுக்குள்ளிருந்து ரூஷாவைப் பார்த்தான். கொத்து அந்தரத்தில் நின்றது. அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவன் தலையை அசைக்கவில்லை, கையைக் காட்டவில்லை. நீயே சொல் என்கிறானா, சொல்லாதே என்கிறானா என்று அவளுக்கு விளங்கவில்லை.

"ஸ்மிலியா, கீழ எறங்கு," என்றாள் ரூஷா.

"ஏன், என் மூஞ்சி புடிக்கலையா?"

"எறங்குடி!"

அவள் கத்தி யாரும் கேட்டதில்லை. ஸ்மிலியா ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

"தளத்துல ஷீட்டு இருக்கு," என்றாள் ரூஷா. "ஆஸ்பெஸ்டாஸ். மூணு ரூமுக்கும். நாங்கதான் போட்டோம். தெரிஞ்சுதான் கொண்டாந்தோம்."

ஸ்மிலியா முகமூடியை மேலே இழுத்து மாட்டினாள். பிறகு அதன் உள்ளிருந்தே ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். மற்ற இரண்டு பேரும் வேன் பக்கம் நாலடி பின்வாங்கினார்கள்.

"இதுக்குத்தான் ஞாயித்துக்கிழமையா?" என்றாள் ஸ்மிலியா. "எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு, ரூஷாக்கா. உனக்குத் தெரியாதா?"

"உங்க யாரையும் நிக்க விடக்கூடாதுன்னுதான்..."

"ஜல்லிய யார் தலையில கொட்டறதா இருந்தே?"

வின்கோ கொத்தை மெல்லத் தரையில் இறக்கி, எந்திரத்தை அணைத்தான். ஆனால் கூண்டைவிட்டு இறங்கவில்லை.

யாகா இன்னும் மேலேயே நின்றாள். இரண்டு கையையும் ஓடாத பெல்ட்டின் ரப்பர்மேல் ஊன்றியிருந்தாள். பிறகு இறங்கி வந்தாள். ரூஷாவின் கையிலிருந்த குழாயை வாங்கினாள். வாங்கிக் குவியலின்மேல் அடிக்கத் தொடங்கினாள்.

"எங்க வராந்தாவுக்கு அடியில இருந்துச்சு," என்றாள், தண்ணீர் விழும் இடத்தைப் பார்த்தபடி. "எங்க மாமனார் போட்டது. அப்புறம் சமையலறைக்கும் கொஞ்சம்."

ரூஷாவுக்கு உடனே புரியவில்லை. புரிந்தபோது, "எப்பத் தெரியும் உனக்கு?" என்று கேட்டாள்.

"எப்பவும் தெரியும்."

"அன்னைக்குத் தெரியுமா? நான் உன் இடத்துல நின்னப்ப?"

"தெரியும். உங்க எல்லாருக்கும் காலைல புது முகமூடி வாங்கியாந்து கொடுத்தேன். உனக்கு என் கையாலயே கட்டிவிட்டேன்." யாகா குழாயின் வாயை விரலால் அழுத்தினாள். தண்ணீர் விசிறியாகப் பரவியது. "அதுக்கு மேல எனக்குத் தைரியம் வரல, ரூஷா. புது வீடு வந்துருச்சு. வீட்டுல படுத்தாத் தூக்கம் வரல."

அந்தப் பகல் ரூஷாவுக்கு நினைவிருந்தது. வெயில். யாகா பின்னால் நின்று முகமூடியின் பட்டையை இறுக்கியது. இவ்வளவு அன்பா இந்த மனுஷிக்கு என்று நினைத்தது. இரண்டு மணி நேரம், துண்டுகளைப் பிரித்துப் பார்க்க முடியாத அளவுக்குச் சாம்பல் புழுதி பெல்ட்டோடு வந்துகொண்டே இருந்தது. இப்போது தனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. கால்தான் வலித்தது.

"தார்ப்பாய் அந்தப் பக்கம் இருக்கு," என்றாள். "நாலு முனைக்கும் ஆள் வேணும்."

மற்ற இரண்டு பேரும் தயங்கித் தயங்கி வந்தார்கள். ஸ்மிலியா வரவில்லை. வேனில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

போன் போட்ட ஒரு மணி நேரத்தில் இன்ஜினியர் தாவோர் வந்தார். முப்பது சொச்சம் வயது. எங்கோ ஞானஸ்நான விருந்திலிருந்து நேராக வந்தவர் என்பது சட்டைப்பையில் செருகியிருந்த பூவில் தெரிந்தது. தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார். மூடினார். வின்கோவைத் திட்டுவார் என்று ரூஷா நினைத்தாள். அவர் வின்கோவிடம் ஒன்றும் பேசவில்லை. போன் பேசினார், குறிப்பேட்டை எடுத்தார்.

"நாளைக்கு மனைக்கு ஆள் வரும், ரூஷாம்மா. நாடா கட்டிருவாங்க. பட்டியல் என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்."

"தெரியும் சார்."

"நொறுக்கறதுக்கு முன்னாடி சொன்னீங்க. அதை எழுதறேன். அது ஏதாவது உதவுமான்னு எனக்குத் தெரியாது." பேனாவைத் திறந்தார். "இந்த ஒரு குவியல் மட்டும்தானே?"

ரூஷா தார்ப்பாயின் முனையை இழுத்துச் சரிசெய்தாள். யாகாவின் பக்கம் திரும்பவில்லை.

"என்னோடதையும் எழுதிக்குங்க," என்றாள் யாகா. "போன வருஷம் ஜூன்ல வந்துச்சு."

"அது நொறுக்கி முடிஞ்சு போச்சே அக்கா."

"ஆமா."

"எங்க போச்சு அந்த ஜல்லி?"

"எனக்கு எப்படித் தெரியும்? உங்க கணக்குலதான் இருக்கும்."

வேன் கதவு திறந்தது. ஸ்மிலியா அழுதிருந்தாள். "சார், எங்களோடது..." என்று ஆரம்பித்தாள். "எங்கப்பா என்ன போட்டார்னு நான் கேட்டதே இல்ல. இதுவரைக்கும் கேக்கணும்னு தோணல."

தாவோர் எழுதவில்லை. பெல்ட்டின் கடைசியில், லாரிக்குக் காத்துக்கொண்டு, கோயில் கோபுர உயரத்துக்குச் சுத்தமான ஜல்லி குவிந்து கிடந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். மூடுபனி விலகி அதன் உச்சியில் வெயில் விழுந்திருந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது வின்கோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"நான் கையைக் காட்டியிருக்கணும்," என்றான்.

"எதுக்குன்னு? சொல்லுன்னா, சொல்லாதேன்னா?"

"அதுதான் தெரியல."

தோமோ விழித்தேதான் இருந்தார். பக்கத்து வீட்டுக்காரி வந்து அவரைப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டுப் போயிருந்தாள். ரூஷா கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினாள். கோட்டையும் துணியையும் வெளியிலேயே பைக்குள் போட்டுக் கட்டினாள். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"முடிஞ்சுதா?" என்றார் அவர்.

"இல்ல மாமா. நொறுக்கல. சொல்லிட்டோம்."

அவர் கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "யாரு சொன்னது? அவனா?"

"நான்."

"ம்." தாடை அசைந்தது. "அப்ப பனிக்காலமும் இங்கதான்."

"அதுக்கு அடுத்ததும் இங்கதான் இருக்கும் மாமா. நிச்சயமாத் தெரியல."

வின்கோ வாசற்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பூட்ஸைக் கழற்றுவதற்குக் குனிந்தவன் கழற்றாமல் அப்படியே இருந்தான்.

தோமோ தலையை ஜன்னல் பக்கம் திருப்பினார்.

"அப்படின்னா அந்த ஜன்னலுக்கு ஒரு திரை தெச்சுப் போடு," என்றார். "ரோட்டு விளக்கு ராத்திரி முழுக்க நேரா என் கண்ணுல அடிக்குது."

ரூஷா திரும்பிப் பார்த்தாள். படுக்கைக்கு எதிரே, மூன்று வருடமாக வெற்றாக இருந்த ஜன்னல். "இத்தனை நாள் சொல்லவே இல்லியே மாமா?"

"கிளம்பிருவோம்னு இருந்தேன்," என்றார் அவர். "கிளம்பப் போற எடத்துக்கு எதுக்குத் திரை?"

அவள் எழுந்து ஜன்னல் சட்டத்தில் கையை விரித்து வைத்தாள். ஒன்று, இரண்டு என்று சாண் போட்டு அகலத்தை அளந்தாள். நாலு சாணும் நாலு விரலும் இருந்தது. மறந்துவிடாமலிருக்க இன்னொரு தடவை அளந்தாள்.